எவரெஸ்ட் பேஸ் கேம்ப் நடை: வடசென்னைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கத்து ஆட்கள் சிலர் சேர்ந்து வார இறுதிகளில் நடக்கப் போகிறோம். நேபாளத்துக்குப் போய் எவரெஸ்ட் பேஸ் கேம்ப் வரை நடந்து வந்தவர்கள் கூட்டத்தில் இருப்பதால், சுற்றி இருப்பவர்கள் கேட்கும் சந்தேகங்கள் கடைசியில் என்னிடம்தான் வந்து சேர்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸப்பில் பதில் சொல்லி மாளவில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். இது வழிகாட்டியோடு குழுவாகப் போகிறவர்களுக்கானது.

பேஸ் கேம்ப்னா எவரெஸ்ட் மேல ஏறுறதாண்ணா?

இல்லை. எவரெஸ்ட் ஏறுபவர்கள் கூடாரம் போட்டுத் தங்கும் அடிவார முகாம் வரை நடந்து போய்த் திரும்புவதுதான் இது. கயிறு, பனிக்கோடாரி எதுவும் வேண்டாம். கிழக்கு நேபாளத்தில் கும்பு என்ற பகுதியில் இருக்கும் ஒற்றையடிப் பாதை, கற்படிகள், தொங்குபாலங்கள், கடைசி இரண்டு நாள் பனியாற்றுக்குப் பக்கத்தில் கல்லும் மண்ணுமான வழி. போக வர ஏறக்குறைய 130 கிலோமீட்டர்.

நடை தொடங்கும் லுக்லா 2,860 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊட்டி தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஆரம்பிக்கிற இடமே அதைவிட உயரம். முடிகிற இடம் 5,364 மீட்டர். மார்ச் முதல் மே வரை ஒரு பருவம், அக்டோபர், நவம்பர் இன்னொரு பருவம். நடுவில் மழைக்காலம், அப்புறம் கடுங்குளிர்.

மொத்தம் எத்தனை நாள் லீவு போடணும்?

நடை மட்டும் பன்னிரண்டு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். லுக்லாவிலிருந்து பாக்டிங், பிறகு நாம்சே (3,440), அங்கே இரண்டு இரவு. தெங்போச்சே (3,860), திங்போச்சே (4,410), அங்கேயும் இரண்டு இரவு. லோபுச்சே (4,940), கோரக்ஷேப் (5,164), அன்று மதியமே பேஸ் கேம்ப் போய்விட்டு வருவார்கள். மறுநாள் விடியலில் காலாபத்தர் என்ற குன்றில் ஏறி இறங்கி, மூன்று நான்கு நாளில் லுக்லா வந்துவிடலாம். ஏறத்தான் நாள் பிடிக்கும், இறங்க இல்லை.

இதோடு காத்மாண்டுவில் முன்னும் பின்னும் இருக்கும் நாட்கள், வானிலை கெட்டால் லுக்லாவில் மாட்டிக்கொள்ள இரண்டு மூன்று நாள் எல்லாம் சேர்த்து பதினெட்டு நாள் கேளுங்கள். பத்து நாளில் முடித்துத் தருகிறோம் என்று விளம்பரம் செய்கிறவர்களிடம், நாம்சேவிலும் திங்போச்சேவிலும் எத்தனை இரவு என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஓர் இரவு என்றால் வேறு ஆளைப் பாருங்கள். காரணம் கீழே உடம்பைப் பற்றிய கேள்விகளில் இருக்கிறது.

பாஸ்போர்ட் இல்ல, ஆதார் போதுமா?

போதாது. நேபாளம் போக இந்தியர்களுக்கு விசா தேவையில்லை, ஆனால் விமானத்தில் போக பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை வேண்டும். ஆதாரை மட்டும் காட்டிச் சென்னை விமான நிலையத்திலேயே நின்றுபோனவர்கள் உண்டு. நடைவழி போகும் சாகர்மாதா தேசியப் பூங்காவுக்கான நுழைவுக் கட்டணம், இந்தியா உள்ளிட்ட சார்க் (தெற்காசிய) நாட்டுக்காரர்களுக்கு மற்ற வெளிநாட்டவர்களைவிடக் குறைவு. அந்தச் சலுகைக்கும் அடையாள அட்டையைத்தான் பார்ப்பார்கள்.

சென்ட்ரல்ல ஏறி ட்ரெயின்லயே போக முடியாதா? அந்த லுக்லா ஃப்ளைட் வீடியோவைப் பார்த்தாலே வயித்தைக் கலக்குது.

காத்மாண்டு வரை போகலாம். ரயிலில் கோரக்பூர், அங்கிருந்து சோனாலி எல்லை, எல்லையைத் தாண்டி பஸ். போகவே மூன்று நான்கு நாள் ஓடிவிடும். லீவு இருந்தால் போங்கள், காசு மிச்சமாகும்.

லுக்லாவைப் பொறுத்தவரை பயம் நியாயம்தான். ஓடுபாதை 527 மீட்டர், அதுவும் சரிவு, ஒரு முனையில் மலைச்சுவர், மறுமுனையில் பள்ளம். சின்ன விமானங்கள்தான் இறங்கும், மேகம் மூடினால் அன்றைக்கு எல்லாம் நிற்கும். பருவக் கூட்டத்தில் இந்த விமானங்களைக் காத்மாண்டுவுக்குப் பதில் ராமேச்சாப் பக்கம் மந்தலியிலிருந்து விடுவார்கள். நடுராத்திரி எழுந்து நாலைந்து மணிநேரம் வேனில் போக வேண்டியிருக்கும். அது உங்கள் திட்டத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். விமானமே வேண்டாம் என்றால் சல்லேரி வரை ஜீப்பில் போய் அங்கிருந்து நடக்கலாம். நாட்கள் கூடும், ஆனால் உடம்பு பழக அது நல்ல வழி.

நம்ம பக்கம் மேடுன்னா ஃப்ளைஓவர்தான். எங்க போயி பழகுறது?

படிக்கட்டுதான் பதில். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தால் முதுகில் பையை மாட்டிக்கொண்டு மொட்டைமாடி வரை ஏறி இறங்குங்கள். பையில் தண்ணீர் பாட்டில்களைப் போட்டு மூன்று கிலோவில் தொடங்கி ஏழு கிலோ வரை கூட்டுங்கள். ஏறுவதைவிட இறங்குவதைப் பழகுவது முக்கியம், முழங்கால் போவது இறக்கத்தில்தான். திருவொற்றியூர் கடற்கரை மணலில் நடப்பது கணுக்காலுக்கு நல்லது.

மாதம் ஒருமுறை திருப்பதி அலிபிரிப் படி ஏறுங்கள். மூவாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் படி, வண்டி இல்லாமல் இறங்கியும் வர வேண்டும். மறுநாளும் நடக்க முடிகிறதா என்று பாருங்கள். ஒரு நாள் வீராப்பாக ஏறுவது பெரிய விஷயமில்லை, தினமும் ஆறு மணிநேரம், அதுவும் பன்னிரண்டு நாள் தொடர்ந்து நடப்பதற்குத்தான் கால் பழக வேண்டும். நாகலாபுரம் மலைப்பக்கம் போகிறவர்கள் அனுமதி, வழிகாட்டியோடு போங்கள். ஷூவை இந்த நடைகளிலேயே பழக்கிவிடுங்கள். புது ஷூவோடு லுக்லாவில் இறங்காதீர்கள்.

நாமெல்லாம் கடல் மட்டத்துல பொறந்து வளர்ந்தவங்க. நமக்கு மூச்சு முட்டுறது ஜாஸ்தியா இருக்குமா?

காசிமேட்டுக்காரருக்கும் பெங்களூர்க்காரருக்கும் இதில் பெரிய வித்தியாசம் கிடையாது. மேலே ஆக்சிஜனின் விகிதம் குறைவதில்லை, காற்றின் அழுத்தம்தான் குறைகிறது. பேஸ் கேம்பில் நம் ஊரில் இருப்பதில் பாதிதான் அழுத்தம். அதாவது ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பது பாதி. உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் அவகாசம் கேட்கும். மூவாயிரம் மீட்டருக்கு மேல் ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு அதிகமாகப் படுக்கும் உயரத்தைக் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. நாம்சேவிலும் திங்போச்சேவிலும் இரண்டு இரவு என்று சொன்னது இதனால்தான். அந்த நாட்களில் ரூமில் படுத்துக் கிடக்கக் கூடாது. பகலில் கொஞ்சம் மேலே ஏறிவிட்டு வந்து கீழே தூங்க வேண்டும்.

நான் பாக்ஸிங் பண்றவன். டெய்லி ஓடுறேன். எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாதுல்ல?

உங்களைப் போன்றவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலையே. உயரத்துக்கு உடம்பு பழகாமல் வரும் மலைநோயை உடல் வலிமை தடுக்காது. வலிமை உள்ளவர் வேகமாக ஏறுவார், தலைவலியை வெளியே சொல்ல மாட்டார், அதனாலேயே மாட்டிக்கொள்வார். குழுவில் கடைசியாக, மூச்சு வாங்காத வேகத்தில் நடந்து வரும் அம்பது வயது அக்கா நல்லபடியாகப் போய்ச் சேர்வார்.

தலைவலி, அதோடு பசியின்மை, குமட்டல், அசதி, தூக்கமின்மை வந்தால் மலைநோய் என்றே எடுத்துக்கொண்டு, வழிகாட்டியிடம் சொல்லி, அன்று மேலே ஏறாமல் இருக்க வேண்டும். ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரலோடு சேர்த்து வைத்து நேர்க்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, சளியில் நுரை வந்தாலோ, அது மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோக்கும் நிலை. ராத்திரி என்றும் பார்க்காமல் இறக்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருந்தால் உயிர் போகும். பெரிச்சே என்ற ஊரில் இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ முகாம் 1973 முதல் இருக்கிறது. பருவ காலத்தில் அங்கே மதியம் மலைநோய் பற்றி மருத்துவர்களே பேசுவார்கள். உங்கள் குழு அந்த வழியாகப் போனால் போய் உட்காருங்கள்.

டயமாக்ஸ் மாத்திரை போட்டா போதும்ங்கிறாங்களே?

அசெட்டசோலமைடு என்ற அந்த மருந்து உடம்பு பழகுவதை வேகப்படுத்தும். மெதுவாக ஏறுவதற்கு அது மாற்று இல்லை. சல்பா மருந்து ஒவ்வாதவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடக்கூடாது. விரல் நுனி மதமதப்பதும் அடிக்கடி சிறுநீர் வருவதும் வழக்கம், பயப்பட வேண்டாம். அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், மெடிக்கல் ஷாப் தம்பி அல்ல. தூக்க மாத்திரையும் சாராயமும் மேலே இருக்கும்வரை வேண்டவே வேண்டாம்.

எண்ணூர்ல இருக்கேன், வீசிங் இருக்கு. நான் ஆசைப்படவே கூடாதா?

ஆசைப்படலாம். கட்டுப்பாட்டில் இருக்கும் ஆஸ்துமாவோடு நிறையப் பேர் போய் வருகிறார்கள். ஆலைப் புகை அங்கே இல்லை, ஆனால் குளிர்ந்த வறண்ட காற்று இழுப்பைக் கிளப்பும். மூக்கையும் வாயையும் துணியால் மூடி நடங்கள், இன்ஹேலரை உறையாமல் சட்டைக்குள் வைத்திருங்கள், கூடுதலாக ஒன்று எடுத்துப் போங்கள். மேலே இருமல் வந்தால் அது வீசிங்கா, மேலே சொன்ன நுரையீரல் நீரா என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். இதய நோய், கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம், இன்சுலின் போடும் சர்க்கரை இருப்பவர்கள் முழுப் பரிசோதனை செய்து, உயரம் எவ்வளவு என்று மருத்துவரிடம் எண்ணாகவே சொல்லிக் கேளுங்கள். மலைக்குப் போகிறேன் என்று மட்டும் சொன்னால் அவர் ஏற்காடு என்று நினைத்துக்கொள்வார்.

ஷெர்பான்னா மூட்டை தூக்குறவங்கதானே?

இல்லை. ஷெர்பா என்பது ஒரு மக்கள் இனம். சில நூற்றாண்டுகளுக்கு முன் கிழக்குத் திபெத்திலிருந்து மலை தாண்டி வந்து கும்புவில் குடியேறியவர்கள். உருளைக்கிழங்கும் பார்லியும் பயிரிட்டு, யாக் வளர்த்து, திபெத்தோடு உப்பு வியாபாரம் செய்து வாழ்ந்தவர்கள். இன்று அவர்களில் லாட்ஜ் முதலாளி, விமானி, மருத்துவர் எல்லாரும் உண்டு. 1953 மே 29-ல் ஹிலாரியோடு உச்சியில் நின்ற டென்சிங் நோர்கே ஷெர்பாதான். குழந்தை பிறந்த கிழமையைப் பெயராக வைப்பது அவர்களிடம் வழக்கம். ஞாயிறு பிறந்தால் நிமா, திங்கள் என்றால் தாவா, வெள்ளி என்றால் பாசாங். அதனால் ஒரே ஊரில் பத்துப் பாசாங் இருப்பார்கள்.

உங்கள் பையைத் தூக்கி வருகிறவர் பெரும்பாலும் ராய், தமாங் போன்ற கீழ்ப் பள்ளத்தாக்குகளின் மக்களாக இருப்பார். அவரை 'ஏய் ஷெர்பா' என்று கூப்பிடாதீர்கள், பெயரைக் கேளுங்கள். பெயர் தெரியாத நேரத்தில் ஆணை 'தாய்' (dai, அண்ணன்) என்றும் பெண்ணை 'தீதி' (அக்கா) என்றும் கூப்பிட்டால் போதும். இந்தி தெரியாதே என்று பலர் தயங்குகிறார்கள். வழிகாட்டிகளுக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும், மற்றதெல்லாம் கையும் முகமும் பேசிக்கொள்ளும்.

இன்னொரு மனுஷன் முதுகுல நம்ம பையை ஏத்துறது பாவமில்லையா?

துறைமுகத்திலும் கொத்தவால் சாவடியிலும் சுமை தூக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது, சரியான கேள்வி. அங்கே அது கூலி வேலை, அதை நம்பிக் குடும்பம் இருக்கிறது. ஆள் வைக்காமல் போவதைவிட, ஒழுங்காக வைப்பது நல்லது. நெற்றியில் பட்டை மாட்டி முதுகில் சுமப்பார்கள். ஒரு சுமையாளுக்கு இருவர் பை என்றால், ஆளுக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் கட்டாதீர்கள்.

பேக்கேஜ் பேசும்போதே கேட்க வேண்டியவை: சுமையாளுக்கு இன்சூரன்ஸ் உண்டா, குளிருக்கு ஜாக்கெட்டும் ஷூவும் யார் தருகிறார்கள், ராத்திரி எங்கே தூங்குவார், நோய் வந்தால் அவரை யார் இறக்குவார்கள். நமக்கு வரும் மலைநோய் அவருக்கும் வரும். கடைசி நாள் டிப்ஸை முதலாளி கையில் கொடுக்காமல் அவர் கையிலேயே கொடுங்கள்.

சாப்பாடு எப்படி? கொஞ்சம் கருவாடு எடுத்துட்டுப் போலாமா?

தால் பாத் என்று கேளுங்கள். சோறு, பருப்பு, காய், ஊறுகாய். பெரும்பாலும் சோறும் பருப்பும் இரண்டாவது முறை கேட்டால் காசு வாங்காமல் போடுவார்கள். நம் வயிற்றுக்கு அதுதான் சரிப்படும். ஐயாயிரம் மீட்டரில் தண்ணீர் 83 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. பட்டாணி மாவு, இட்லிப்பொடி, எலுமிச்சை ஊறுகாய் எடுத்துப் போகலாம். பசி செத்துப்போகும் உயரத்தில் ஊறுகாய்தான் காப்பாற்றும். உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீர் கொடுத்தால் ஒரு வாய் குடித்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் கோப்பையை நிறைவாகவே வைத்துவிடுங்கள். காலி செய்தால் மறுபடி ஊற்றுவார்கள்.

கறி, மீனைப் பொறுத்தவரை நாம்சேவுக்கு மேல் விட்டுவிடுவது நல்லது. பௌத்தர்களான ஷெர்பாக்கள் அங்கே உயிர்க்கொலை செய்வதில்லை. கறி கீழிருந்து நாள்கணக்கில் சுமந்து வரப்படுவது. கருவாடு? மனசு கேட்காது, தெரியும். ஆனால் அவர்களுக்கு அடுப்பில் தெய்வம் இருக்கிறது. தீயில் இறைச்சி கருகும் வாடையும் குப்பை எரிவதும் அதற்கு ஆகாது. லாட்ஜ் கூடத்து அடுப்பில் வாட்டித் தரச் சொல்லிக் கேட்காதீர்கள். டிஷ்யூ பேப்பரைக்கூட அதில் போடக் கூடாது.

நாங்க கிறிஸ்டியன்ஸ். மடத்துக்குள்ள விடுவாங்களா? பாய் வூட்டுப் பசங்களும் வராங்க.

வழியில் இருக்கும் பௌத்த மடங்களுக்குள் எல்லோரையும் விடுவார்கள். செருப்பைக் கழற்றி, தொப்பியை எடுத்து, அமைதியாக ஓரமாக உட்கார்ந்தால் போதும். கும்பிட வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். காலை நீட்டிப் பீடத்தைப் பார்த்து உட்காராதீர்கள். தெங்போச்சே மடம் 1916-ல் கட்டியது, 1934 நிலநடுக்கத்தில் விழுந்தது, 1989-ல் தீப்பிடித்து எரிந்தது, மறுபடியும் எழுப்பியிருக்கிறார்கள். இலையுதிர் காலத்தில் அங்கே மணி ரிம்து என்ற முகமூடி நடன விழா நடக்கும், தேதி திபெத்திய நாள்காட்டிப்படி மாறும். கும்ஜுங் என்ற ஊரின் மடத்தில் எட்டியின் (மலையில் திரிவதாகச் சொல்லும் பனிமனிதன்) மண்டைத்தோல் என்று ஒன்றைப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். ஹிலாரி 1960-ல் அதை வெளிநாட்டுக்கு எடுத்துப் போய்ச் சோதித்தபோது ஒருவகைக் காட்டாட்டுத் தோல் என்றார்கள். ஊருக்கு அது இன்றும் எட்டிதான், அங்கே போய் வாதாட வேண்டாம்.

வழியெங்கும் மந்திரம் செதுக்கிய கல்சுவர்கள், ஸ்தூபிகள் வரும். அவை உங்கள் வலப்பக்கம் இருக்கும்படி கடக்க வேண்டும். கிரிவலம் போனவர்களுக்குக் கால் தானாக அப்படித்தான் போகும். அந்தக் கல்லில் உட்கார்வது, கொடிகளைத் தாண்டுவது, கல்லை நினைவுக்கு எடுத்து வருவது எதுவும் கூடாது.

போட்டோ எடுத்தா கோவிச்சுக்குவாங்களா?

விடியற்காலையில் காசிமேட்டு ஏலத்துக்குக் கேமராவோடு வந்து, கூடை தூக்கும் அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த அம்மா என்ன சொல்லுவார் என்பதும் தெரியும். அங்கே கேமராவை நீட்டுகிறவர் இடத்தில் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள், அவ்வளவுதான். கேட்டுவிட்டு எடுங்கள், வேண்டாம் என்றால் விடுங்கள். மடத்துக்குள் அனுமதி இல்லாமல் வேண்டாம். பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்துப் படம் பிடிக்கும் பழக்கமும் வேண்டாம். உதவ ஆசை இருந்தால் பள்ளிக்குக் கொடுங்கள். கும்ஜுங்கில் 1961-ல் தொடங்கிய பள்ளி இன்றும் நடக்கிறது.

இந்த வழி அவர்கள் சந்தைக்குப் போகும் சாலை. சனிக்கிழமை நாம்சேவில் சந்தை. யாக் கூட்டமோ சுமையாளோ வந்தால் மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்குங்கள், பள்ளத்துப் பக்கம் நின்றால் யாக் தள்ளிவிட்டுப் போய்விடும்.

பொம்பளப் புள்ளைங்க மட்டும் போனா பாதுகாப்பா இருக்குமா? அம்மா கேக்குறாங்க.

அம்மாவிடம் சொல்லுங்கள், அங்கே பல லாட்ஜ்களை நடத்துவதே பெண்கள்தான். பெண் வழிகாட்டி வேண்டும் என்று முன்பே கேட்டால் ஏற்பாடு செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன. லுக்லா ஊரைத் தாண்டும்போது ஒரு நினைவு வளைவு வரும், அது பாசாங் லாமு ஷெர்பாவுக்கானது. 1993-ல் எவரெஸ்ட் ஏறிய முதல் நேபாளப் பெண், இறங்கும்போது இறந்துபோனார். அந்தப் பகுதியின் உள்ளாட்சிக்கே அவர் பெயர்தான். மாதவிடாய் உயரத்தில் முன்னே பின்னே ஆகலாம், நாப்கினை இங்கிருந்தே எடுத்துப் போய், பயன்படுத்தியதைப் பையில் கட்டிக் கீழே கொண்டுவாருங்கள்.

குளியல், கக்கூஸ், சார்ஜ்?

குளியல் நாம்சேவோடு சரி, ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளுங்கள். மேலே போகப் போக குந்துகக்கூஸ், பக்கெட் தண்ணீர் காலையில் உறைந்திருக்கும். சார்ஜுக்கும் வைஃபைக்கும் காசு. பிளாஸ்டிக் பாட்டில் வாங்காமல் குளோரின் மாத்திரை போட்டுக் குடியுங்கள். இறங்கும்போது ஒரு கிலோ குப்பைப் பையை லுக்லா வரை கொண்டுவரச் சொல்லிக் கொடுப்பார்கள், வாங்கிக்கொள்ளுங்கள்.

எவ்ளோ ஆவும்?

எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்கு மேலேயே எடுத்து வையுங்கள். பேக்கேஜில் லுக்லா விமானம், மூன்று வேளைச் சாப்பாடு, சுமையாள் மூன்றும் அடங்குமா என்று பார்க்காமல் விலையை ஒப்பிடாதீர்கள். 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய், இது மாறாத விகிதம். காத்மாண்டுவிலேயே ரொக்கமாக மாற்றிக்கொள்ளுங்கள். ஜாக்கெட், தூக்கப் பை இரண்டையும் காத்மாண்டு தமேலில் வாடகைக்கு எடுக்கலாம். பர்மா பஜாரில் ஜாக்கெட் வாங்குகிறவர்கள் பிராண்ட் பெயரைப் பார்க்காமல் தையலையும் ஜிப்பையும் பாருங்கள்.

முடியலைன்னா ஹெலிகாப்டர் வரும்ல?

வானம் தெளிந்திருந்தால் வரும், பணம் கட்டுவதற்கு உறுதி இருந்தால் வரும். சில லட்சம் ஆகும். 6,000 மீட்டர் உயரம் வரை மலை நடையும் ஹெலிகாப்டர் மீட்பும் அடங்கும் என்று எழுதியிருக்கிற இன்சூரன்ஸ் எடுங்கள். சாதாரணப் பயணக் காப்பீட்டில் இது இருக்காது. லேசான தலைவலிக்கே ஹெலிகாப்டர் ஏற்றி இன்சூரன்ஸ் பணம் பிடுங்கும் மோசடி நடந்து, 2018-ல் நேபாள அரசே விசாரித்தது. ஆபத்தான அறிகுறிகளைப் பாக்ஸிங் தம்பிக்குச் சொன்ன பதிலில் பட்டியல் போட்டிருக்கிறேன், அவை இருந்தால் தயங்காதீர்கள். இல்லையென்றால் 500 மீட்டர் இறங்கினாலே பலருக்குச் சரியாகிவிடும். குழுவில் ஒருவர் இறங்க வேண்டி வந்தால் கூடப் போக உதவி வழிகாட்டி இருக்கிறாரா என்று முன்பே கேளுங்கள். இல்லாவிட்டால் ஒருவருக்காக எல்லோரும் இறங்க வேண்டும், அல்லது நோயாளி தனியாக. இரண்டாவது நடக்கவே கூடாது.

பேஸ் கேம்ப்ல நின்னா எவரெஸ்ட் தெரியும்தானே?

உச்சி தெரியாது. முன்னால் இருக்கும் மலைகள் மறைத்துவிடும். அங்கே பார்ப்பது கும்பு பனிவீழ்ச்சியையும் (பனியாறு செங்குத்தாக உடைந்து இறங்கும் இடம்), பருவம் என்றால் மஞ்சள் கூடாரங்களையும். எவரெஸ்ட்டை நன்றாகப் பார்க்க காலாபத்தர் ஏற வேண்டும். அதனால் உடம்பு ஒன்றுக்குத்தான் தாங்கும் என்றால், பேஸ் கேம்பை விட்டுவிட்டு காலாபத்தர் போங்கள் என்பேன். நிறையப் பேர் இதைக் கேட்டு முகம் சுளிக்கிறார்கள்.

திரும்பி வந்ததும் பசங்க பேனர் வைக்கிறாங்களாம். 'எவரெஸ்ட் நாயகன்'னு போடலாமா?

வேண்டாம். உச்சி 8,848.86 மீட்டர், நீங்கள் போனது 5,364. தமிழ்நாட்டிலிருந்து உச்சியைத் தொட்ட முதல் பெண் முத்தமிழ்ச்செல்வி, 2023-ல். அந்த வரிசையில் நம் படத்தைப் போட்டால் தெருவில் யாராவது கேள்வி கேட்பார்கள். வைத்தே தீருவோம் என்றால் 'பேஸ் கேம்ப்' என்ற இரண்டு சொல்லையும் பெயருக்குச் சமமான எழுத்தில் போடச் சொல்லுங்கள், கூட வந்த வழிகாட்டியின் படத்தையும் சேருங்கள். மாநகராட்சி அனுமதி வாங்கிவிட்டு.